மடித்த கம்பியில் பேசிய தூத்துக்குடி

நேற்று மாலை ஏழு மணிக்கு அப்பாவை முற்றத்துக் கதிரையில் இருத்தி, திருச்சிராப்பள்ளி வானொலியை, 936 கிலோஹேர்ட்ஸைத் திறந்துவிட்டேன். குசினியில் விளக்கு எரிந்தது. அறையில் இரண்டு தொலைபேசிகள் சார்ஜரில் கிடந்தன. பக்கத்து வளவில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பேசாமல் கேட்டிருந்தவர், "விளக்குகளை அணைக்காமலா கேட்கிறோம்?" என்றார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு ஐந்து வார அன்ரெனா வேலை பிடித்தது. நினைவில் சூடு இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

எங்கள் வளவு மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியோரம் இருக்கிறது. திருச்சி இங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 270 கிலோமீற்றர். நூறு கிலோவாற் நிலையம். இடையில் பாக்கு நீரிணை கிடப்பதால் அலை கடலின் மேலே தாராளமாக நடந்து வருகிறது, பகலிலும் கேட்கும். போர்க்காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் ஓடிய பெட்டியில் அப்பா செய்தி கேட்பார். அந்த நாட்களில் நடுத்தர அலையில் இரைச்சலே இல்லை, ஏனென்றால் இரைச்சல் எழுப்பக்கூடிய எதுவும் எங்கள் ஊரில் இயங்கவில்லை. இப்போது ஒவ்வொரு எல்ஈடி குமிழுக்குள்ளும், ஒவ்வொரு சார்ஜருக்குள்ளும், சோலர் கொன்ட்ரோலருக்குள்ளும் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் ஒரு சுற்று இருக்கிறது. மாலையானால் 936இல் தேன்கூட்டைக் கலைத்ததுபோல ஒரு ரீங்காரம். விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் கேட்பதே வீட்டு வழக்கமாகிவிட்டிருந்தது.

சிறுபோக அறுவடை முடிந்த இடைவெளியில் லூப் அன்ரெனா ஒன்றை, அதாவது சட்டமொன்றில் கம்பியைச் சுற்றிச் செய்யும் அன்ரெனாவை, கட்டத் தொடங்கினேன். பிவிசி குழாயில் சிலுவை. நான்கு முனைகளையும் சேர்த்தால் பக்கம் ஒரு மீற்றர் சதுரம். கிளிநொச்சியில் மோட்டார் சுற்றும் அண்ணையிடம் 0.8 மில்லிமீற்றர் எனாமல் செப்புக் கம்பி 40 மீற்றர் வாங்கினேன். ஆறு மில்லிமீற்றர் இடைவெளியில் ஒன்பது சுற்று. சுருளின் தூண்டத்தையும் கொண்டென்சரின் கொள்ளளவையும் அளக்கும் எல்சி மீற்றர் 238 மைக்ரோஹென்றி காட்டியது. பழைய பெட்டியொன்றிலிருந்து கழற்றிய 365 பிக்கோபராட் காங் கொண்டென்சரின் (நிலையம் மாற்றத் திருகுவது) ஒரு பகுதியை அதன் குறுக்கே இணைத்ததும் 540 கிலோஹேர்ட்ஸிலிருந்து நடுத்தர அலையின் மேல்முனை வரை இசைந்தது. மிச்சமிருந்த கம்பியில் ஒற்றைச் சுற்று ஒன்று போட்டு, அதைப் பெரிய சுருளோடு மின்தொடர்பு இல்லாமல் சட்டத்தில் ஒட்டவைத்து, அதிலிருந்து 30 மீற்றர் ரிவி கேபிளை வீட்டுக்கு இழுத்தேன். வீட்டுக்குள்ளே இருப்பது ஆர்ரிஎல்-எஸ்டிஆர் என்ற சின்ன வாங்கி, அதாவது மடிக்கணினியில் செருகி வானொலி கேட்கும் பெட்டி.

லூப்பை நிறுத்திய இடம் கிணற்றடி. கிணறு ஈசான மூலையில், வீட்டுக்கு வடகிழக்கே இருக்கிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பொருந்தி வந்தது. லூப்பின் தளம் எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தத் திசை நிலையங்களை அது நன்றாகக் கேட்கும். தளத்துக்குச் செங்குத்தான இரு பக்கமும் அதற்குச் செவிட்டுத் திசை. தளத்தை வடமேற்கு நோக்கித் திருப்பினால் திருச்சி நேராக அகப்படும், தென்மேற்கே இருக்கும் வீடு சரியாகச் செவிட்டுத் திசையில் விழும். வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது மறுபக்கம். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது.

கட்டி முடித்துக் கேட்டபோது ரீங்காரம் அப்படியே இருந்தது.

அளந்து பார்த்தேன். வாங்கியின் பெருக்கத்தை ஒரே அளவில் பூட்டிவைத்து, மடிக்கணினியைப் பற்றரியில் ஓட்டி, பகல் இரண்டு மணிக்கு வீட்டு விளக்குகளையும் சார்ஜர்களையும் வேண்டுமென்றே போட்டுவிட்டு எடுத்த கணக்கு இது: 936இல் நிலையம் −60 டெசிபல், அதன் பக்கத்து இரைச்சல் −78 (எண் பூச்சியத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு மெல்லிது). லூப்பை 1053க்கு இசைத்து, மேற்கே இருக்கும் தூத்துக்குடி நிலையத்தை வைத்துச் செவிட்டுத் திசையைச் சோதித்தேன். முழுவதும் சுற்றியும் 7 டெசிபல் மட்டுமே குறைந்தது. அந்தக் குறைவும் தளத்துக்குச் செங்குத்தாக விழாமல் நாற்பது பாகை தள்ளி விழுந்தது. ஒழுங்கான லூப் பகலில் 20 டெசிபலுக்கு மேல் குறைத்துக் காட்ட வேண்டும். இந்தச் சோதனையைப் பகலில்தான் செய்ய வேண்டும். இரவில் அலை வானத்திலிருந்து சாய்ந்து இறங்குவதால் நல்ல லூப்பும் செவிடாகாது.

பிழை லூப்பில் என்று நினைத்தேன். சுற்றுகளின் இடைவெளி ஒழுங்காக இல்லையோ, கொண்டென்சர் ஒரு பக்கமாகத் தொங்குவதால் சமநிலை குலைந்ததோ என்று முழுவதையும் அவிழ்த்துச் சுற்றினேன். ஒரு நாள் போனது. 7 டெசிபல் 8 ஆனது. அடுத்து, இரைச்சலைத் தடுக்கவென்று கேபிளின் மேல் கவ்விக்கொள்ளும் ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) உருளைகள் ஆறு, 1500 ரூபாவுக்கு வாங்கி வரிசையாக மாட்டினேன். அசைவே இல்லை. அத்தகைய உருளைக்குள் கேபிள் ஒரு தடவைதான் நுழைந்து போகிறது. அலையை மறிக்கும் தூண்டம் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும். ஒரு சுற்றில் கிடைப்பது நடுத்தர அலைக்குப் போதவே போதாது. மூன்றாவதாக, கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிவலையை வீட்டு மின் எர்த்தில் இணைத்தேன். இரைச்சல் −74க்கு ஏறியது. வீட்டு எர்த் கம்பி இரைச்சல் அழுக்கு நிறைந்த கம்பி என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே கழற்றினேன்.

வழி திறந்தது ஓர் எளிய சோதனையில். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஒற்றைச் சுற்றைச் சட்டத்திலிருந்து உருவி எடுத்தேன். கேபிளில் அது இணைந்தபடியே இருந்தது. நான்கு மீற்றர்க் கம்பியை இரண்டாக மடித்து, இரண்டு இழையையும் பனை நார்போல முறுக்கிக் கம்பத்தில் தொங்கவிட்டேன். பெரிய சுருளைச் சட்டத்தோடு தூக்கிக் கிணற்றின் மறுபக்கம் சாய்த்துவைத்தேன். மடித்த கம்பிக்குப் பரப்பு இல்லை. பரப்பில்லாத லூப் எந்தக் காந்தப் புலத்தையும் பிடிக்க முடியாது. அது முழுச் செவிடாக இருக்க வேண்டும். உள்ளே போய்த் திரையைப் பார்த்தால் 1053இல் முனை நிமிர்ந்து நிற்கிறது. ஒலியைத் திறந்தேன். தூத்துக்குடி பேசியது. வழக்கமான அளவைவிட 14 டெசிபல்தான் குறைவு. 936க்குப் போனேன். இரைச்சல் −84. லூப் முழுதாக இருந்தபோது −78. அப்படியானால் இத்தனை நாள் நான் கேட்டதில் கணிசமான பங்கு கேபிள் கேட்டது.

மடித்த கம்பியை வெட்டி, கேபிளின் நுனியிலேயே 75 ஓம் மின்தடை ஒன்றை நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையில் கால்களை ஒட்ட நறுக்கி ஈயம் வைத்தேன். அரிசிமணி அளவுப் பொருள். இரைச்சல் −102க்கு விழுந்தது, தூத்துக்குடி மறைந்தது. இது எனக்கு இன்னொன்றைச் சொன்னது. ரிவி கேபிளின் பக்கங்கள் ஒழுகவில்லை. மலிவான கேபிள் என்று அதைக் குறை சொல்ல இடமில்லை. இரைச்சல் வீட்டிலிருந்து கேபிளின் வெளித்தோல் மேலே ஏறி, 30 மீற்றர் ஊர்ந்து, லூப்பின் முனையை அடைந்து, அங்கே வாயில் திறந்திருப்பதால் உள்ளே நுழைந்து, அதே கேபிளின் நடுக்கம்பி வழியாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது. லூப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த வழிக்குத் திசை கிடையாது. செவிட்டுத் திசை தூர்ந்துபோனதும் தள்ளிப்போனதும் இதனால்தான்.

ஆகவே வேலை இரண்டு: நுனியில் வாயிலை அடைப்பது, தோலில் ஊர்வதைத் தடுப்பது. இரண்டுக்கும் ஃபெரைட் வளையம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வளையத்தின் விலையைவிடத் தபாலும் சுங்கமும் மேலே போகும். பழுதான கணினி மின்வழங்கிப் பெட்டிகள் மூன்று, ஒன்று 300 ரூபாவுக்கு, கிளிநொச்சியில் கிடைத்தன.

முதலில் கண்ணில் பட்டது உள்ளே இருந்த பெரிய மஞ்சள் வளையம். ஒரு பக்கம் வெள்ளை பூசியிருக்கும். பழைய ஜிபிஎஸ் அன்ரெனாவிலிருந்து வெட்டிய மெல்லிய கேபிளை அதில் பதினொரு சுற்று சுற்றி வரிசையில் இணைத்தேன். இரண்டு நாள் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் ஒரு டெசிபல் அசையவில்லை. பிறகுதான் மீற்றரில் வைத்தேன். 11 மைக்ரோஹென்றி. 936இல் அது ஏறத்தாழ 65 ஓம். ஆற்றை மறிக்க ஒரு கூடை மண். அந்த மஞ்சள் வளையம் இரும்புத் தூளால் ஆனது. மின்வழங்கியின் வெளியீட்டு நேரோட்டத்தை மென்மையாக்க வைத்தது. நமக்கு வேண்டியது 230 வோல்ற் உள்ளே நுழையும் இடத்தில், இரண்டு சுருள் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருக்கும் சிறிய வளையம். என்னுடையவை பச்சைப் பூச்சு, வெளிவிட்டம் 25 மில்லிமீற்றர். அதே கேபிள், அதே பதினொரு சுற்று, 480 மைக்ரோஹென்றி. நாற்பது மடங்குக்கு மேல். நிறத்தை மட்டும் நம்பி எடுக்கக் கூடாது. பச்சையும் நீலமும் பூசிய இரும்புத்தூள் வளையங்களும் அதே பெட்டிகளுக்குள் வருகின்றன. பத்துச் சுற்றுப் போட்டு அளந்துவிட்டு எடுப்பதே வழி.

வாயிலை அடைக்க ஒரு பச்சை வளையத்தில், லூப்பையும் கேபிளையும் கம்பித் தொடர்பில்லாமல் பிணைக்கும் ரான்ஸ்போமர் ஒன்றைச் சுற்றினேன். லூப்பின் ஒற்றைச் சுற்றுக்குப் பத்து, கேபிளுக்குப் பத்து. இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிச் சுற்றினால் கைக்கு எளிது. முதலில் அப்படித்தான் செய்தேன். இரைச்சல் மூன்று டெசிபல் மட்டும் இறங்கியது. மீற்றரை எடுத்து இரண்டு சுருளுக்கும் இடையிலான கொள்ளளவைப் பார்த்தேன்: 70 பிக்கோபராட். 936இல் அது இரண்டாயிரத்து நானூறு ஓம். கதவைச் சாத்திவிட்டுச் சாளரத்தைத் திறந்துவைத்ததற்குச் சமம். அவிழ்த்தேன். வளையத்தின் மேல் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பை மூன்று மடிப்புச் சுற்றி, பத்துச் சுற்றை ஒரு பக்க ஓரத்தில் நெருக்கி, மற்றப் பத்தை நேரெதிர் ஓரத்தில் நெருக்கி, நடுவில் இரண்டு பக்கமும் விரல் அகலம் வெறுமையாக விட்டேன். 6 பிக்கோபராட். ஏறத்தாழ 28 ஆயிரம் ஓம். கம்பிகள் இவ்வளவு விலகி இருந்தும் நிலையத்தின் அளவு ஒரு டெசிபல்கூட இறங்கவில்லை. இரண்டு சுருளையும் வளையமே பிணைத்து வைத்திருக்கிறது. இரைச்சல் −78இலிருந்து −86க்கு வந்தது. அன்றைக்கு நான் கிணற்றடிக்கும் அறைக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று தெரியவில்லை. செருப்புத் தடத்தில் புல் மடிந்து ஒரு பாதையே விழுந்திருந்தது.

தோலில் ஊர்வதைத் தடுக்க, மற்ற இரண்டு பச்சை வளையங்களில் மெல்லிய கேபிளைப் பதினொரு சுற்றுச் சுற்றித் தடைச்சுருள்கள் ஆக்கினேன். ஒன்று சாளரத்தருகே, கேபிள் வீட்டைவிட்டு வெளியேறும் இடத்தில். அதுமட்டுமே இரைச்சலை −91க்குக் கொண்டுபோனது. மற்றது லூப்பின் அடியில், ரான்ஸ்போமருக்கு முன்னால்.

அந்த அடித் தடைச்சுருளுக்கும் நீளக் கேபிளுக்கும் இடையிலான சந்திப்பில் வெளிவலையை ஒரு எர்த் குழாயில் இறக்கினேன். ஒன்றரை மீற்றர் நாகம் பூசிய குழாய். இந்தக் காலத்தில் எங்கள் செம்மண் சோளகக் காற்றில் காய்ந்து சட்டிபோல இருக்கிறது. வேலியோரம் அடித்துப் பார்த்தபோது குழாய் பாதியில் நின்றது, பயனும் தெரியவில்லை. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் ஓடிப்போகும் வாழைப் பாத்தியில் அடித்தேன். நாலு தட்டில் கைப்பிடியளவு மட்டும் மேலே நிற்க இறங்கிவிட்டது. இரைச்சல் −94.

வன்னியில் குழாய் அடிக்கவோ கேபிள் புதைக்கவோ போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலத்தில், அதிலும் பல போகம் கொத்திப் பயிர் செய்த பாத்தியில் மட்டும் தோண்டுங்கள். வேலிக்கு அப்பால் பற்றைக்குள் நல்ல இடம் தெரிந்தாலும் அது நமக்கு வேண்டாம். எங்கள் பாத்தி பத்து வருடங்களுக்கு மேலாக மண்வெட்டி பார்த்த பாத்தி.

கேபிளையும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். அரை நாள் வேலை. அளவில் மாற்றம் ஏதுமில்லை. ஆனால் தொங்கிய கேபிளைக் குரங்குகள் ஊஞ்சலாக்கி ஒரு தடவை இணைப்பைப் பிடுங்கியிருந்தன. அந்தத் தொல்லை நின்றது.

இப்போதைய கணக்கு: 936இல் நிலையம் அதே −60, இரைச்சல் −94. முன்பு 18 டெசிபல் உயரத்தில் நின்ற குரல் இப்போது 34 டெசிபல் உயரத்தில் நிற்கிறது. தூத்துக்குடியை வைத்துச் சுற்றிப் பார்த்தால் 25 டெசிபல் ஆழத்துக்குச் செவிடாகிறது, அதுவும் தளத்துக்குச் சரியாகச் செங்குத்தில். மடித்த கம்பிச் சோதனையையும் மறுபடி செய்தேன். ரான்ஸ்போமரின் லூப் பக்கம் மடித்து முறுக்கிய கம்பி. 1053இல் ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையைத் திரையில் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கேபிள் வழியாக வருவது லூப் கேட்டது மட்டுமே என்று நம்பிக்கையோடு சொல்லலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

செலவு: செப்புக் கம்பி 1800, ரிவி கேபிள் 3300, பிவிசி 1400, மின்வழங்கிப் பெட்டிகள் 900, எர்த் குழாய் 900, இணைப்பிகள் 400. மொத்தம் 8700 ரூபா. வீணான ஃபெரைட் உருளைகள் 1500 தனி. வாங்கியும் மீற்றரும் முன்பே இருந்தவை. இரைச்சலை உண்மையில் கொன்ற பகுதிக்கு, அதாவது மூன்று வளையங்களுக்கும் குழாய்க்கும், 1800 ரூபாதான் போயிருக்கிறது.

மறுபடி கட்டினால் வரிசையை மாற்றுவேன். கேபிளை இழுத்த அன்றே, லூப்பை மாட்டுவதற்கு முன், மடித்த கம்பியைத் தொங்கவிட்டு அளப்பேன். எல்சி மீற்றரை வளையம் வாங்கும் இடத்துக்கே கொண்டுபோவேன். தடைச்சுருளுக்கு இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சுற்றுவேன். அதே பதினொரு சுற்றில் தூண்டம் இரட்டிப்பாகும், மெல்லிய கேபிளை உள்ளே திணித்து மேலும் சுற்ற இடமில்லாத சிக்கலும் தீரும்.

தீராதவை இரண்டு. மடிக்கணினியின் சார்ஜரைச் செருகினால் இரைச்சல் −88க்கு ஏறுகிறது. பற்றரி மூன்று மணி நேரம் தாங்குவதால் இப்போதைக்குச் சமாளிக்கிறேன். யுஎஸ்பி கம்பியிலும் ஒரு வளையம் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தது, நிலையம் மாற்ற ஒவ்வொரு தடவையும் கிணற்றடிக்கு நடந்துபோய்க் கொண்டென்சரைத் திருக வேண்டியிருக்கிறது. அப்பா நேற்றே சென்னை 720ஐக் கேட்டார். சென்னை நேர் வடக்கே இருப்பதால் லூப்பையும் திருப்ப வேண்டும். அப்போது வீடு செவிட்டுத் திசையிலிருந்து விலகும். போய்த் திருப்பி இசைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் ரீங்காரம் கலந்துதான் வந்தது, ஆனாலும் சொல் பிரிந்து கேட்டது.

ஐப்பசி இடிமழை தொடங்குமுன் கொண்டென்சருக்குத் தண்ணீர் புகாத பெட்டி செய்ய வேண்டும். மாலை வானம் கறுத்தால் கேபிளைச் சாளரத்தருகே கழற்றி வெளியே போட்டுவிடுவது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். முதல் மழைக்குப் பிறகு வாழைப் பாத்தி ஊறியதும் அதே இரண்டு மணிக்கு, அதே பெருக்கத்தில், −94ஐ மறுபடி அளந்து இந்தப் பதிவின் கீழே குறித்துவைப்பேன்.